உப்பட், எண் முப்பத்தேழு

புதன்கிழமையோடு உப்பட்டை இழுத்து மூடிவிடுவது என்று போன வெள்ளிக்கிழமையே முடிவு செய்துவிட்டேன். மூடப்போகிறேன் என்று ஒரு அறிவிப்புகூட வைக்கவில்லை. யாருக்கு அறிவிப்பது? படிக்க ஆள் இருந்தால்தானே!

உப்பட் என்றால் எங்கள் துளுவில் ஊறுகாய். நான் நடத்திவந்த வலைப்பக்கத்துக்கும் அதுதான் பெயர். கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கு அன்றாடம் கைகொடுக்கிற துணுக்குகளையும் குறிப்புகளையும் பதினோரு வருடமாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் கன்னடத்தில் விளக்கம் எழுதி அதில் போட்டுவைத்திருந்தேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. முழுச் சாப்பாடு போட நமக்கு வக்கில்லை, இலை ஓரத்தில் தொட்டுக்கொள்ள ஏதாவது வைப்போமே என்றுதான் அந்தப் பெயர்.

ஒவ்வொரு துணுக்குக்கும் கீழே நான்கு வரி இருக்கும். எதற்கு, எப்படி, எங்கே உதைக்கும், இதைக் கண்டுபிடிக்க நான் எத்தனை மணி நேரம் தொலைத்தேன். நான்காவது வரியைத்தான் நான் ஆசையாக எழுதுவேன். பதினான்காம் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தேதியை எந்த வரிசையில் எழுதுவது என்பது பற்றியது. மங்களூர் பந்தர் துறைமுகத்தில் இருக்கும் படகுச் சங்கங்களுக்கு நிரல் எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் பிழைப்பு. ஏப்ரல் மூன்றில் கடலுக்குப் போன ஒரு படகை எங்கள் நிரல் மார்ச் நான்கிலேயே அனுப்பிவைத்துவிட்டது. படகு ஒரு மாதமாகக் காணவில்லை என்று சங்கத்துக்காரர்கள் அலறியடித்துக்கொண்டு வந்தார்கள். படகுக்காரர் அப்போது எங்கள் வாசலிலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். தொலைத்த நேரம்: ஒன்பது மணி, கூடவே மானம்.

நானே ஓட்டிப் பார்க்காத எதையும் அந்தப் பக்கத்தில் சேர்த்ததில்லை. அப்படிப்பட்ட பக்கத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று பேர் வருகிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் கருவி சொன்னது. அந்த மூவரில் ஒருத்தி நான். இன்னொன்று தேடுபொறிக்காரர்களின் இயந்திரம். மூன்றாவது, என் பக்கத்து மேசை வால்டர் பிண்டோ, கை தவறி அமுக்குவது.

"மாராய்த்தி, இதுக்கு நீ நிஜமாவே ஊறுகாய் போட்டிருந்தா ஆபீஸ் பூரா உன் காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்கும்" என்பான் வால்டர். மாராய்த்தி என்றால் எங்கள் பக்கத்தில் 'அம்மாடி' மாதிரி. ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடமாக என்னோடு வேலை செய்கிறான். ஒரு நாளாவது என்னைச் சீண்டாமல் விட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

"ஒரே ஒருத்தன், ஒரே ஒரு வரி, 'உங்க குறிப்பு எனக்கு உதவிச்சு'ன்னு எழுதியிருந்தாப் போதும் வால்டர். நான் மூடமாட்டேன். பதினோரு வருஷம். ஒரு நாய்கூடக் குரைக்கல."

"நீ எழுதுற அழகுக்கு யாரு எழுதுவா? 'இதைக்கூடப் படிக்காமல் எடுத்துக்கொண்டு ஓடுகிறவனே, நில்'னு ஆரம்பிக்கிறே. அவன் பயந்துபோய் ஓடியே போயிருப்பான்."

உண்மைதான், எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். ஆனால் அது அக்கறையில் வந்த நீளம். அது யாருக்கும் புரியாதபோது வலிக்கத்தான் செய்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இந்த நேரத்தில் என் கைபேசியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பல வருடமாக அதற்கு, எனக்குச் சம்பந்தமே இல்லாத குறுஞ்செய்திகள் வந்துகொண்டிருந்தன. மாதத்துக்கு இரண்டு, சில மாதம் ஐந்து. 'உங்கள் பசு கங்கெக்கு நாளை தடுப்பூசி.' 'உங்கள் பிளவுஸ் தயார், ஆறு மணிக்குள் வரவும்.' 'குந்தாபுரம் பஸ், பதினான்காம் இருக்கை, ஜன்னல் ஓரம்.' ஒரு முறை, 'இன்றிரவு நீங்கள்தான் மகிஷாசுரன், ஆறு மணிக்கு வந்து வேஷம் கட்டவும்' என்று ஏதோ யக்ஷகான மேளத்திலிருந்து, அதாவது கூத்துக் குழுவிலிருந்து, வந்தது. அதை வால்டரிடம் காட்டியது என் தலையெழுத்து. அன்றிலிருந்து நான் கோபப்படும்போதெல்லாம் "வேஷம் கட்டியாச்சா?" என்று கேட்பான்.

எனக்கு முன்னால் இந்த எண்ணை வைத்திருந்த எவனோ ஒருவனுக்கு வருகிற செய்திகள் இவை என்று நானே முடிவுகட்டியிருந்தேன். அவனுக்குப் பசு இருக்கிறது, பிளவுஸ் தைக்கிறான், ராத்திரியானால் மகிஷாசுரன். எண்ணை விட்டுவிட்டேன் என்று பதினோரு வருடமாக ஒருவரிடமும் சொல்லாத அந்தச் சோம்பேறியை மனசார எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பது. மே மாத வேக்காடு. கேண்டீனிலிருந்து சூடாக வந்த வாழைப்பழ பன்ஸை அப்போதுதான் பிய்த்தேன். மேசை மேலிருந்த கைபேசி ஒரு துள்ளு துள்ளியது. மறுபடி ஒன்று. அப்புறம் நிற்கவேயில்லை. துள்ளித் துள்ளி மேசை விளிம்புக்கே போய்விட்டது. வால்டர் பாய்ந்து பிடித்தான்.

"என்ன மாராய்த்தி, உன் மேளம் மொத்தமா கூப்பிடுதா?"

எண்ணிப் பார்த்தேன். அறுபத்து மூன்று செய்திகள். எல்லாம் ஒரே வாசகம், பெயர் மட்டும் வேறு வேறு. முதலாவது இது: 'அன்புள்ள ஸ்வர்ணலதா, நாளை நடக்க இருந்த வேலைக்கான நேர்காணல் இன்று பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றப்பட்டுள்ளது. மையத்தின் மேல்மாடி. அசல் சான்றிதழ்களுடன் வரவும். வராதவர்களுக்கு மறுவாய்ப்பு இல்லை. கௌசல்யா மையம்.' அடுத்தது தேவதாஸுக்கு. அடுத்து மும்தாஜ், ஐவன், சுகந்தி.

பன்ஸைத் தட்டில் வைத்தேன். பசுவுக்கு ஊசி ஒரு நாள் தள்ளிப்போனால் பசு ஒன்றும் சொல்லாது. இது அப்படி இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் எனக்கு வந்த ஒரு நேர்காணல் கடிதம் எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் ஊரிலிருந்து திரும்பிவந்து கொடுத்தபோது நேர்காணல் முடிந்து நான்கு நாள். அந்த உறையைப் பிரித்த நிமிடம் இப்போதும் எனக்கு மறக்கவில்லை. அறுபத்து மூன்று பேருக்கு அந்த நிமிடம் வரக்கூடாது என்று தோன்றியது. படகு வேலையை மூடிவைத்தேன்.

செய்தியில் தொலைபேசி எண் இல்லை, ஊர் இல்லை. கௌசல்யா என்ற பெயர்தான் இருந்தது. தேடினால் எங்கள் கரையோரத்தில் மூன்று கௌசல்யா. பண்ட்வாளில் ஒன்று. அழைத்தேன்.

"கௌசல்யா மையமா? இன்னைக்கு மூணு மணிக்கு இன்டர்வியூ இருக்கா?"

"இன்டர்வியூ எல்லாம் இல்லம்மா, அளவு கொடுத்தாப் போதும். கை வெச்சதா, கை இல்லாததா?"

தையல் கடை. கார்க்களத்தில் இருந்தது மூலிகை எண்ணெய்க் கடை. என் குரலை வைத்தே எனக்குப் பித்தம் அதிகம் என்று அந்த மனிதர் சொன்னார். வால்டர் சிரித்த சிரிப்பில் நான்கு மேசை திரும்பிப் பார்த்தது. மூன்றாவது புத்தூரில். ஹோட்டல் வேலைக்குப் பயிற்சி கொடுக்கும் இடம். எடுத்தவள் பெயர் சுமதி. குரலிலேயே களைப்பு.

"ஆமா மேடம், எங்க பிள்ளைங்களுக்குத்தான். எல்லாருக்கும் மெசேஜ் போயிடுச்சு. ஸ்க்ரீன்ல அறுபத்து மூணும் பச்சையா இருக்கு."

"அந்த அறுபத்து மூணு பச்சையும் என் போன்ல இருக்கு மாராய்த்தி! ஒருத்தருக்கும் போகல!"

"ஐயோ, சாமி!" என்றாள்.

"நாளைக்கே வெச்சுக்க முடியாதா?"

"முடியாது மேடம். ஹோட்டல் கம்பெனிக்காரங்க இன்னைக்கு ராத்திரி ஃப்ளைட்ல துபாய் திரும்பறாங்க. ஆபீஸ்ல நான் ஒருத்திதான். இன்னொருத்திக்குக் காய்ச்சல்."

"அப்ப போன் பண்ண ஆரம்பிங்க. இந்த புரோகிராமை எழுதினது யாரு?"

"மெல்வின் க்ராஸ்தான்னு ஒரு பையன். காலையில வேற ஒரு விஷயத்துக்கு ரெண்டு தடவை அடிச்சேன், எடுக்கமாட்டேங்குறான்."

சுமதி தொலைபேசியில் அழைக்க ஆரம்பித்தாள். அறுபத்து மூன்று பேரில் பாதிப்பேர் தெரியாத எண் என்றால் எடுப்பதே இல்லை. எடுத்த முதல் ஆள், ஒரு பிள்ளையின் சித்தப்பா, சுமதிக்குத் தெரிந்தவர், சுமதியின் மாமனார் உடல்நிலையை விசாரித்து முடிப்பதற்குள் ஆறு நிமிடம். அப்போது மணி பத்தரை. சுள்ளியா பக்கத்துக் காட்டுக் கிராமங்களிலிருந்து புத்தூருக்கு வர இரண்டு பஸ் மாறவேண்டும். பன்னிரண்டரைக்குள் செய்தி போகாவிட்டால் வந்தும் பிரயோஜனமில்லை.

"க்ராஸ்தாவா?" என்று வால்டர் நிமிர்ந்து உட்கார்ந்தான். இத்தனை நேரம் வேடிக்கை பார்த்தவனுக்குத் தன் துறை வந்துவிட்டது. "புத்தூர்ல எந்த க்ராஸ்தா? பன்னூர் க்ராஸ்தாவா, மில்காரர் க்ராஸ்தாவா?"

"எனக்கெப்படித் தெரியும்? உங்க சர்ச்காரங்க ஜாதகம் எல்லாம் நீங்கதானே வெச்சிருக்கீங்க."

அவன் தன் மச்சினியைக் கூப்பிட்டான். மச்சினி தன் சம்பந்தியைக் கேட்டாள். சம்பந்தி, சர்ச்சில் பாடும் ஒரு பெண்ணின் எண்ணைக் கொடுத்தாள். மூன்றாவது அழைப்பில் வால்டர் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டான்.

"கிடைச்சுட்டான்! ஆனா எடுக்கமாட்டான் மாராய்த்தி. நாளைக்கு அவனுக்குக் கல்யாணம். இப்ப அவன் பந்தல்ல ரோஸுக்கு உக்காந்திருக்கான்."

ரோஸ் என்றால் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளைக்குத் தலையிலிருந்து கால்வரை தேங்காய்ப்பால் பூசுகிற சடங்கு. வழக்கமாக மாலையில்தான் நடக்கும். சாயங்காலம் மழை வரும் என்று பகலிலேயே வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தங்கை ஜசிந்தாவின் எண்ணை வாங்கி, அலுவலகத் தொலைபேசியில் அழைத்தேன். பின்னால் பெண்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். யாரோ மேளத்தைத் தட்டினார்கள்.

"யாரு? சத்தமாப் பேசுங்க!"

விஷயத்தைக் கத்திச் சொன்னேன். அந்தப் பெண் நர்ஸ். அவசரம் என்றால் அவளுக்கு உடனே புரிந்தது. ஒரே ஓட்டமாகப் பந்தலுக்குள் போய், விஷயத்தைச் சொல்லி, கைபேசியை அண்ணன் காதில் வைத்தாள். மாப்பிள்ளையின் காதிலும் தேங்காய்ப்பால் போலிருக்கிறது. முதலில் களகளவென்று ஒரு சத்தம்தான் வந்தது.

"ஹலோ மேடம், மெல்வின் பேசறேன். பத்து இலக்கம் இல்லாத நம்பரா இருந்தா மட்டும்தான் மெசேஜ் வேற நம்பருக்குப் போகும். மத்ததெல்லாம் கரெக்டாப் போகும். போன வருஷம் பூராப் போச்சே!"

"இந்த வருஷம் என்ன மாறிச்சு?"

"இந்த வருஷம் பிள்ளைங்களே போன்ல ஃபார்ம் நிரப்பினாங்க..." என்றவன் நிறுத்தினான். "அடச்சே! போன் தானாவே முன்னாடி தொண்ணூத்தொண்ணைச் சேர்த்திருக்கும். எல்லாமே பன்னிரண்டு இலக்கம்!"

பின்னால் ஒரு அம்மாள் அதட்டினாள். "மெல்வின்! ரோஸ் முடியாம எந்திரிச்சா பார்! இப்பவுமா ஆபீஸு?"

"எந்திரிக்கலம்மா, பேசறேன்! மேடம், நான் எதையும் தொடமுடியாது, கை பூரா பால். ஜசிந்தா, என் லாப்டாப்பை எடுத்துட்டு வா. பயப்படாதீங்க மேடம், இதுக்கு உப்பட்ல வழி இருக்கும்."

எனக்குக் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று தெரியவில்லை.

"எதுல?"

"உப்பட் மேடம். உங்களுக்குத் தெரியாதா? நம்ம கரையோரத்துல புரோகிராம் எழுதறவங்க எல்லாரும் அதுலேர்ந்துதான் எடுக்கறோம். காலேஜ்ல சீனியர் கொடுப்பாங்க, நாங்க ஜூனியருக்குக் கொடுப்போம். யாரோ ரிட்டயர்டு மாஸ்டர் எழுதினதுன்னு நினைக்கறேன். மகா கோவக்காரர். ஒவ்வொண்ணுக்கும் கீழ திட்டு. ஆனா அவர் கொடுத்த கோட் ஒரு தடவைகூட மண்ணைக் கவ்வினதில்ல."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எப்போது எழுந்து நின்றேன் என்றுகூட ஞாபகமில்லை. வால்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு "என்ன, என்ன?" என்று கையாட்டினான். அவனைக் கையமர்த்தினேன். சந்தோஷத்தில் மனிதர்களுக்குக் கண் இருட்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சீனியர் கொடுப்பாங்கன்னா... பக்கத்துக்குப் போய்ப் பார்க்கறதில்லையா?"

"எதுக்கு மேடம்? யாரோ ஒரு புண்ணியவான் எப்பவோ மொத்தமா இறக்கி ஒரே ஃபைலா வெச்சுட்டான். வாட்ஸப்ல சுத்திட்டிருக்கு."

அதற்குள் ஜசிந்தா மடிக்கணினியோடு வந்துவிட்டாள். "அண்ணா, இங்க 'உப்பட் கடைசி', 'உப்பட் கடைசி புதுசு', 'உப்பட் இதுதான் கடைசி'ன்னு மூணு இருக்கு. எதைத் திறக்க?"

"மூணாவது! முதல்ல நம்ம புரோகிராமைத் திற. மேடத்துக்கு அந்த மெசேஜ் அனுப்பற இடத்தைப் படிச்சுக் காட்டு."

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். படிக்கப் படிக்க எனக்கு வேர்த்தது. ஒவ்வொரு வரியும் என் வரி. நான் வைத்த பெயர்கள், நான் விட்ட இடைவெளி. முப்பத்தேழாம் எண். குறுஞ்செய்தி அனுப்பும் துணுக்கு. 'பத்து இலக்கம் இல்லாத எண் வந்தால் செய்தியைத் தூக்கி எறியாதே, உன் அலுவலக எண்ணுக்கு அனுப்பு, யாராவது பார்த்து அழைத்துச் சொல்வார்கள்' என்று பெரிய புத்திசாலி மாதிரி எழுதியிருந்தேன்.

"அப்புறம், அலுவலக எண் அப்படின்னு போட்டு ஒரு நம்பர் இருக்கு மேடம். ஒன்பது, எட்டு, நாலு, அஞ்சு..."

மீதி ஆறு இலக்கத்தையும் அவளோடு சேர்ந்து நானும் முணுமுணுத்தேன். என் எண். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஓட்டிப் பார்ப்பதற்காக என் எண்ணையே போட்டேன், ஓடியது, அப்படியே பக்கத்தில் ஏற்றிவிட்டேன். கீழே கொட்டை எழுத்தில் 'இந்த எண்ணை மாற்றிக்கொள்ளவும்' என்று எழுதியும் வைத்தேன். கொட்டை எழுத்தை எவன் படித்தான்? ஓடுகிறதா, ஓடுகிறது, கை வைக்காதே. நிரல் எழுதுகிற ஜாதியே அப்படித்தான், நானும் சேர்த்துத்தான்.

பசு கங்கெ, பிளவுஸ், பதினான்காம் இருக்கை எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன. முன்னவன் என்று ஒருவன் இருந்ததே இல்லை. எங்கெங்கோ உட்கார்ந்து யார் யாரோ என் துணுக்கை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வாசகர்கள் பதினோரு வருடமாக எனக்கு எழுதிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்! ஆனால் அந்த மகிஷாசுரன்? தனக்கு வேஷம் என்று தெரியாமல் அன்றைக்கு அவன் வீட்டில் படுத்துத் தூங்கியிருப்பானே! சிரிப்பும் குற்ற உணர்ச்சியும் ஒன்றாக வந்து என்னைத் திணறடித்தன.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

மணி பதினொன்று ஐம்பது. சிரிப்பதற்கும் அழுவதற்கும் அப்புறம் நேரம் இருக்கிறது.

"மெல்வின், இருநூத்து எட்டாம் நம்பரைப் பாருங்க. இலக்கம் இல்லாததை எல்லாம் நீக்கிட்டு, வலது பக்கத்திலேர்ந்து பத்தை மட்டும் எடுக்கறது. ஒரே வரி."

ஜசிந்தா தேடினாள். "நூத்து எண்பத்து மூணோட முடிஞ்சுபோச்சு மேடம்."

இதுதான் கடைசி என்று பெயர் வைத்த லட்சணம்! "சரிம்மா, நான் சொல்லச் சொல்ல அடி."

"உங்களுக்கு உப்பட் மனப்பாடமா மேடம்?" என்று மெல்வின் கேட்டான். நான் ஜசிந்தாவுக்கு முதல் எழுத்தைச் சொன்னேன்.

மருந்துச் சீட்டை எழுத்து எழுத்தாகப் படிக்கிற நர்ஸ், ஒரு வரி நிரலை எவ்வளவு அழகாக அடித்தாள் தெரியுமா? ஒரு இடத்தில் மட்டும், "அடைப்புக்குறியை மூடு" என்றதற்கு மடிக்கணினியையே மூடப்போனாள். மெல்வின் போட்ட கூச்சலில் பாட்டு நின்றது. "ஒண்ணுமில்ல, பாடுங்க பாடுங்க!" என்றான். பாட்டு திரும்பத் தொடங்கியது.

"இப்ப எல்லாருக்கும் அனுப்பிடலாமா?" என்று ஜசிந்தா கேட்டாள்.

"ஓட்டிப் பார்க்காம விடாதே!" என்று நானும் மெல்வினும் ஒரே நேரத்தில் சொன்னோம். அது உப்பட்டின் முதல் பக்கத்தில் இருக்கிற முதல் திட்டு.

வால்டரின் கைபேசியில் சுமதியைப் பிடித்து வைத்திருந்தோம். அவள் எண்ணைத் தொண்ணூற்றொன்றோடு சேர்த்துப் போட்டு, அவளுக்கு மட்டும் ஒன்று அனுப்பச் சொன்னேன். என் கைபேசி துள்ளிவிடுமோ என்று நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது சும்மா கிடந்தது.

"வந்துடுச்சு மேடம்! எனக்கு வந்துடுச்சு!" என்று சுமதி கத்தினாள்.

பன்னிரண்டு மணி எட்டு நிமிடத்துக்கு அறுபத்து மூன்றும் போயின. பத்து நிமிடத்தில் சுமதியின் தொலைபேசிக்கு ஓய்வே இல்லாமல் போய்விட்டது. 'வெள்ளைச் சட்டை போட்டே ஆகணுமா', 'பஸ்ஸை விட்டுட்டேன், பைக்ல வர்றேன்' என்று பிள்ளைகள் விசாரிக்கிறார்கள் என்றாள். அந்தப் பக்கம் மெல்வின் வீட்டார் மீதித் தேங்காய்ப்பாலை மொத்தமாக அவன் தலையில் கவிழ்த்த சத்தம் கேட்டது. அவன் மூச்சுத் திணறிக்கொண்டே, "மேடம், உங்க பேரைக்கூடக் கேக்கல" என்றான்.

"ஹரிணாக்ஷி. அந்த ரிட்டயர்டு மாஸ்டர் நான்தான். என் நம்பரைத்தான் மாத்தாம விட்டுட்டீங்க."

பந்தலே கேட்கும்படி "ஏய்!" என்று ஒரு சத்தம் போட்டான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, மன்னிச்சிருங்க அக்கா. கீழ எழுதியிருந்ததைப் படிக்கல" என்றான்.

"நானும்தான் என் நம்பரை எடுக்காம விட்டேன். போய்க் குளிங்க. நாளைக்கு நல்லாக் கல்யாணம் பண்ணிக்குங்க."

வால்டர் போய் எனக்கு ஒரு டீயும் ஒரு தட்டு கோளிபஜேயும் வாங்கிவந்தான். இருபது வருடத்தில் அவன் எனக்கு வாங்கிக் கொடுத்த முதல் பலகாரம் அது. "மூடலையே?" என்று மட்டும் கேட்டான்.

அன்று பிற்பகலே முப்பத்தேழைத் திருத்தினேன். என் எண்ணை எடுத்துவிட்டேன். அந்த இடத்தைக் காலியாக விட்டால் நிரல் ஓடாமல் நின்று, 'மாராயா, முதலில் உன் எண்ணைப் போடு' என்று சொல்லும்படி செய்தேன். செய்வதற்குக் கொஞ்சம் தயங்கினேன், மறைக்க என்ன இருக்கிறது? இனி யாரும் மாற்ற மறக்கமாட்டார்கள், ஆகவே இனி எந்தப் பசுவும் எந்த பிளவுஸும் எனக்கு வராது. என் பக்கத்தை யாரோ எங்கோ எடுத்து ஓட்டுகிறார்கள் என்பதற்கு எனக்கு இருந்த அடையாளம் அது ஒன்றுதான். தெரிந்த அன்றைக்கே அதை நானே எடுத்துவிட்டேன். நான்காவது வரியில், 'தொலைத்த நேரம்: பதினோரு வருடம். என்னுடையது அல்ல, மற்றவர்களுடையது' என்று எழுதினேன்.

பழைய செய்திகளை எல்லாம் அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. எந்தச் சோம்பேறியைத் திட்டினேனோ அவன் பெயரால் வந்த ஒவ்வொன்றையும் எடுத்து, யார் அனுப்பியது என்று தேடி, புதன்கிழமை காலையிலிருந்து அழைக்க ஆரம்பித்தேன். கால்நடை டாக்டரின் நிரலை எழுதியவன் இப்போது சிர்சியில் இருக்கிறான். "நீங்க உப்பட் அக்காவா? நிஜமாவா?" என்று மூன்று முறை கேட்டான். எண்ணை மாற்றிக்கொண்டதோடு, கன்னட எழுத்து கட்டம் கட்டமாக உடைவதைத் தடுக்க என்னுடையதைவிட நல்ல வழி ஒன்றையும் சொன்னான். நானூற்றுப் பதிமூன்று. எழுதியது நானில்லை என்பதால் நான்காவது வரியில் அவன் தொலைத்த மணியைப் போட்டேன். யக்ஷகான மேளத்தின் மேலாளரையும் பிடித்துவிட்டேன். அந்த இரவு மகிஷாசுரன் வரவில்லை என்பதால் மத்தளக்காரரே வேஷம் கட்டி ஆடினாராம். ஜனங்கள் கைதட்டியதில், இப்போதுவரை அவரே மகிஷாசுரனாம். அதைக் கேட்டு வால்டர் மேசையில் தலையை வைத்துக் குலுங்கினான்.

மாலை நாலரைக்கு, பக்கத்தின் பதிவு முடிகிற நாள் அதுதான் என்பதால், இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கைபேசி மேசையில் ஒரு துள்ளு துள்ளியது.

இன்னும் எந்தப் பயலோ எண்ணை மாற்றவில்லை என்று எரிச்சலோடு எடுத்தேன். கௌசல்யா மையத்திலிருந்து வந்திருந்தது.

'அன்புள்ள ஹரிணாக்ஷி அக்கா, நேற்று அறுபத்து மூன்று பேரில் அறுபத்தொரு பேர் வந்தார்கள். இருபத்திரண்டு பேருக்கு வேலை கிடைத்தது. ஸ்வர்ணலதாவுக்கும். உங்கள் எண்ணை எங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டோம். கௌசல்யா மையம்.'

பதினோரு வருடத்தில் அந்தத் துணுக்கு என் கைபேசிக்கு அனுப்பியதில், என் பெயருக்கே வந்தது அது ஒன்றுதான். வால்டரிடம் நீட்டினேன். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக எல்லோருக்கும் படித்துக் காட்டினான்.